ஆளும் அட்டையும் ஒன்றுதானா?

வெள்ளவத்தையில் காலி வீதியின் கடற்கரைப் பக்கம், ஒரு நகைக்கடைக்கும் புடவைக்கடைக்கும் நடுவே ஒரு படிக்கட்டு ஏறுகிறது. ஒருவர் இறங்கினால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே மூன்று அறைகள். பெயர்ப்பலகை இல்லை. லண்டன், டொரொன்டோ, மெல்பேர்ன் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதவும், மென்பொருளைச் சோதிக்கவும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவும் இலங்கையில் ஆள் பிடித்துக் கொடுப்பது இவர்களின் தொழில். வேலைக்குச் சேருகிறவர் தன் வீட்டிலேயே இருப்பார். ஆனால் சட்டப்படி அவருடைய முதலாளி இந்த மாடிதான். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் இவர்களே நியமனக் கடிதம் கொடுக்கிறார்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 சதவீதம் கழித்து, தங்கள் பங்காக 12 சதவீதம் போட்டு, நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதமும் கட்டுகிறார்கள்.

ஆளைக் கண்ணால் காணாமலே இத்தனையும் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன். நான் பார்த்தவர்களின் பெயரை எழுதுவதில்லை என்ற பேச்சின் மேல் என்னை உள்ளே விட்டார்கள்.

கடைசி அறையில் ஒரு பெண் கணினிக்கு முன்னால் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். திரையில் பருத்தித்துறை இளைஞர் ஒருவர், பின்னால் நீலச் சுவர், சுவரில் ஒரு முருகன் படம்.

“தம்பி, அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்திலை பிடியுங்கோ. விரலாலை நம்பரை மறைக்க வேண்டாம்.”

“இப்பிடியோ அக்கா?”

“கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ, லெமினேட் மினுங்குது. ஆ, சரி. இனி மற்றக் கையை முகத்துக்கு முன்னாலை மெல்லக் கொண்டு போங்கோ. போய் வரட்டும்.”

கை போய் வந்தது. எனக்கு விளங்கவில்லை. கணினியால் உண்டாக்கிய முகமூடி போட்டுக்கொண்டு யாராவது இருந்தால், கை குறுக்கே போகும்போது முகம் உடைந்து தெரியும் என்று அவர் ஒலிவாங்கியை மூடிவிட்டுச் சொன்னார். அந்தத் தம்பி பழைய அட்டைக்காரர். பதினாறு வயதில், சாதாரண தரப் பரீட்சைக்கு வேண்டுமென்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இப்போது தாடியும் கண்ணாடியும் இருக்கின்றன. படத்தில் பொருந்துவது காது மட்டும்தான். “காதைத்தான் நான் முதல் பாக்கிறது” என்றார்.

படத்தைவிட எண்ணில்தான் இவருக்கு நம்பிக்கை அதிகம். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். 2016க்குப் பின் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கமாக இருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பிறந்த திகதியைச் சொல்லிவிடலாம். அதைப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடலாம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இந்தக் கணக்கு எல்லா ஆண்டையும் 366 நாளாக எடுத்துக்கொள்கிறது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். எனவே மார்ச் 1ஆம் திகதி பிறந்தவருக்கு எந்த ஆண்டிலும் எண் 61தான். வெளிநாட்டு மென்பொருளோ நெட்டாண்டு இல்லாத வருடத்தின் 61ஆம் நாளை மார்ச் 2 என்று வாசிக்கும். மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை பிறந்த ஆட்கள் ஒரு நாள் பிந்திப் பிறந்ததாகக் காட்டி, “பொருந்தவில்லை” என்று சிவப்பில் எழுதும். அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயந்து கடிதம் எழுதும் லண்டன் அதிகாரிகளுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு விளக்கம் தயாராக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று கேட்டேன். அவர் வட கொரியா என்றார்.

அவர் சொன்னது பகிடியல்ல. 2024 ஜூலையில் நோபிஃபோர் என்ற அமெரிக்கப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம் தானாகவே ஒரு செய்தியை வெளியிட்டது. நான்கு வீடியோ நேர்காணல், பின்னணிச் சோதனை எல்லாம் முடித்து மென்பொருள் வேலைக்கு எடுத்த ஆள் திருடிய அமெரிக்க அடையாளத்தில் வந்த வட கொரியர் என்றும், அனுப்பிய கணினி கையில் கிடைத்ததும் அதில் தீய மென்பொருளை ஏற்றத் தொடங்கினார் என்றும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அரிசோனாவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 102 மாதச் சிறை கிடைத்தது. தன் வீட்டில் நிறுவனங்களின் கணினிகளை வரிசையாக வைத்து, தூரத்தில் இருந்த வட கொரியர்கள் அமெரிக்காவில் இருப்பதாகக் காட்ட உதவியவர் அவர். ஏமாந்த அமெரிக்க நிறுவனங்கள் 309, திரட்டிய பணம் ஒரு கோடியே எழுபது லட்சம் டொலருக்கு மேல். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு நிறுவனங்கள் தூரத்து ஊழியரை எல்லாம் ஒரே கண்ணால் பார்க்கத் தொடங்கின. பருத்தித்துறைத் தம்பி கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோன கதை இதுதான்.

சந்தேகப்படுவதில் எனக்கு வழக்கில்லை. தவறான கேள்வியைக் கேட்பதில்தான் வழக்கு. அன்றைய இரண்டாவது ஆள் அதற்கு நல்ல உதாரணம். வெள்ளவத்தையிலேயே, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைப் பக்கம் இருக்கும் பெடியன். கட்டுநாயக்கவில் விமானம் ஏறியதே இல்லை. அவனுக்கு லண்டனிலிருந்து வந்த பட்டியலின் முதல் வரி “பகிர்வு எண்ணை அனுப்பவும்” என்பது.

பகிர்வு எண் என்பது பிரித்தானியாவில் விசாவில் இருப்பவர் தான் வேலை செய்யலாம் என்று காட்ட அந்நாட்டு அரசின் தளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒன்பது எழுத்து எண். 90 நாள் செல்லும். பிரித்தானிய மண்ணில் வேலை செய்பவருக்குத்தான் அது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வேலை செய்பவருக்குப் பிரித்தானிய வேலை அனுமதி தேவையே இல்லை. அமெரிக்காவின் ஐ-9 படிவமும் அப்படித்தான்: வேலை தொடங்கிய மூன்று வேலை நாளுக்குள் பத்திரங்களைப் பார்த்து முடிக்க வேண்டும் என்ற அதன் விதி, அமெரிக்காவுக்குள் வேலை செய்பவரைப் பற்றியது. கொவிட் காலத்தில் அங்கேயும் வீடியோவில் பார்க்க இடம் கொடுத்தார்கள். 2023 ஓகஸ்ட் முதல் அரசின் இணையச் சரிபார்ப்பில் சேர்ந்த முதலாளிகளுக்கு அதை ஒரு மாற்று வழியாகவே ஆக்கினார்கள். இந்த விதிகளையெல்லாம் ஒரே பட்டியலாகத் தட்டெழுதி உலகம் முழுக்க அனுப்பிவிடுகிறார்கள். பயமும் சேர்ந்திருக்கிறது. பிரித்தானியாவில் அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் 2024 பெப்ரவரியிலிருந்து ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை அபராதம், மறுபடியும் பிடிபட்டால் 60,000 வரை. அப்படிப்பட்ட நிலையில் யார் பட்டியலில் ஒரு வரியை வெட்டத் துணிவார்?

“அந்த வரிக்கு என்ன எழுதுவீங்கள்?” என்று கேட்டேன்.

“பொருந்தாது எண்டு எழுதி, ஏன் எண்டு மூண்டு வரி. சில பேர் அதை வாசிப்பினம். வாசிக்காட்டி திரும்பக் கேப்பினம். நாங்களும் திரும்ப எழுதுவம்.”

மூன்றாவது ஆள்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தார். வயது நாற்பதுக்கு மேல். லண்டன் தமிழ். தாயாரைப் பார்க்க வந்து தாயாரின் தொடர்மாடி வீட்டிலேயே தங்கிவிட்டார்; லண்டன் நிறுவனத்துக்கு இங்கிருந்தே வேலை செய்யலாம் என்று அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டைக் கமெராவுக்குக் காட்டினார். லண்டனின் பட்டியலில் எல்லாப் பெட்டியிலும் பச்சைக் குறி. கூடவே பழைய இலங்கை அடையாள அட்டையும் வைத்திருந்தார், தொண்ணூறுகளில் எடுத்தது.

அந்தப் பெண் ஒரு கேள்விதான் கேட்டார்: “அண்ணா, நீங்கள் சிற்றிசன் எடுத்த பிறகு இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தனீங்களோ?”

இல்லை.

இலங்கைப் பிரஜை ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜாவுரிமையைப் பெற்றால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டும், சான்றிதழ் வரவேண்டும். இலாச்சிக்குள் கிடக்கும் அடையாள அட்டைக்கு இது தெரியாது. அட்டை அப்படியே இருக்கும், எண் கணக்கில் சரியாக விழும், காதும் பொருந்தும். ஆள் அவர்தான். ஆனால் இந்த நாட்டில் அவர் இப்போது ஒரு வெளிநாட்டவர், சுற்றுலா விசாவில் வந்தவர். அந்த விசாவில் வேலைக்கு இடமில்லை. இந்த மாடி அவருக்கு நியமனக் கடிதம் கொடுக்க முடியாது. அந்த அண்ணாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் பிறந்ததே களுபோவிலையிலை” என்றார். பிறந்த இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் எந்தப் படிவம் என்று எழுதிக் கொடுத்து, சான்றிதழோடு வரச் சொன்னார்கள்.

இலங்கையை விட்டு ஒரு நாளும் போகாதவனிடம் லண்டன் அனுமதி கேட்கிறது. லண்டன் கண்ணை மூடிக்கொண்டு சரி என்பவருக்கோ இங்கே அனுமதி இல்லை. லண்டன் பட்டியலை அப்படியே நிரப்பி அனுப்பியிருந்தால், ஒருவரைத் தேவையில்லாமல் அலைக்கழித்து மற்றவரைச் சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைத்திருப்பார்கள். எந்த மண்ணில் நாற்காலி போட்டு இருக்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. பத்திரம் அதற்குப் பிறகு.

நான்காவது ஒரு ஹட்டன் தங்கச்சி. இவர் மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர், கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் இருந்து படித்தவர், இப்போது ஊருக்குத் திரும்பி அங்கிருந்தே வேலை செய்யப் போகிறார். “மிஸ், சிக்னல் போனா திட்டாதீங்க, மழை வருது” என்று முதலே சொல்லிவிட்டார். பிறப்புச் சான்றிதழை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இருவரும் வாசித்தோம்.

இலங்கையின் பிறப்புச் சான்றிதழை வெளிநாட்டு அதிகாரி ஒருவர் வாசிக்கும்போது என்ன நினைப்பார் என்று எனக்கு அங்கேதான் யோசனை வந்தது. பிள்ளையின் பெயர், திகதி, இடம் வரைக்கும் சரி. பிறகு தகப்பனின் இனம். தாயின் இனம். பெற்றோர் மணம் முடித்தவர்களா? பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் இலங்கையில் பிறக்காவிட்டால் பூட்டனாரைப் பற்றியும். இந்தக் கூடுகள் சும்மா வந்தவை அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒருவர் பிரஜையா என்று தீர்மானிக்கத் தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. தேயிலைத் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரால் அதற்குக் கடதாசி காட்ட முடியவில்லை, நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிட ஒப்பந்தம் செய்தார்கள். எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல். அந்தத் தங்கச்சி பிறந்ததற்குப் பிறகு வந்த சட்டம் அது.

அவருடைய பத்திரத்தில் இனம் என்ற இடத்தில் “இந்தியத் தமிழர்”. பாட்டனார் கூட்டில் ஒரு கோடு. இதை அப்படியே டொரொன்டோவுக்கு அனுப்பினால், இவர் இந்தியப் பிரஜை என்று ஒருவர் எடுத்துக்கொள்ள நேரமாகாது; முன்பு அப்படியும் நடந்து, இலங்கையில் வேலை செய்ய அனுமதி எங்கே என்று ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. இப்போது இனம், பெற்றோர் திருமணம், பாட்டனார் ஆகிய கூடுகளை மறைத்துத்தான் அனுப்புகிறார்கள். வேலைக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்? கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருக்கும் முதலாளியே ஒரு விண்ணப்பதாரியிடம் “உன் தகப்பன் என்ன இனம், உன் தாய் கலியாணம் முடித்தவளா” என்று கேட்டால் அவர் மேல் வழக்குப் போடலாம். இலங்கையிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது, 9ஆம் இலக்கச் சட்டம். அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போடப்பட்டன. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் இவர்களே கறுப்புப் பட்டை போட்டு மறைக்கிறார்கள். இந்த மாடியில் நான் கண்ட மிக நல்ல பழக்கம் இது.

இன்னொரு வகையும் இருக்கிறதென்று சொன்னார்கள்: யுத்தத்தில் இராமேஸ்வரம் போன பெற்றோருக்குத் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, வளர்ந்து ஊர் திரும்பியவர்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டினுடையது. அவர்களிடம் பிரஜாவுரிமைச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அது இருந்தால் ஐந்து நிமிட வேலை, இல்லாவிட்டால் பல மாதம்.

மத்தியானம் கீழே இறங்கினேன். அந்தப் பெண் எனக்கு வழி சொல்லியிருந்தார்: ஒழுங்கைக்குள் ஒரு கொமினிகேஷன், அதற்கு அடுத்த வீட்டில் மொழிபெயர்ப்பாளர் ஐயா. ஊழியர்கள் அனுப்பும் பத்திரங்களில் பாதி இந்த ஒழுங்கையைக் கடந்துதான் மாடிக்கு வருகின்றன. கொமினிகேஷனில் ஃபோட்டோகொப்பி, கடவுச்சீட்டுப் படம், லெமினேட், ஸ்கான் எல்லாம் நடக்கின்றன. மேசைக்கு முன்னால் ஓர் அம்மா மகனுடைய அட்டையை நீட்டினார். கடைக்காரர் வாங்கியதும் முதலில் செய்தது அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் வருமாறு வைத்ததுதான். “வெளிநாட்டுக்கெண்டா பின்பக்கமும் கேப்பினம், அன்ரி” என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஐயா ஓய்வுபெற்ற நீதிமன்ற உத்தியோகத்தர். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரை மேசையில், பக்கத்தில் மை ஒற்றி. அவரிடம் வருவது பெரும்பாலும் பெயர்ச் சிக்கல். நம்மவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால் வரும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்காரும். கலியாணம் முடித்த பெண்ணுக்கு அது கணவன் பெயராகும். பதிவாளர் தமிழில் எழுதியதை இன்னொரு கந்தோர் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது யாழினி யாளினியாகி இறங்குவாள். 2017 ஒக்டோபரில் வந்த புதிய அட்டையில் மூன்று மொழியிலும் பெயர் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த ஆங்கில எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டுமென்று ஒரு கட்டாயமும் இல்லை.

இதற்கு ஐயாவின் மருந்து சத்தியக்கடதாசி. இன்ன பெயராலும் இன்ன பெயராலும் அழைக்கப்படுபவர் ஒருவரே என்று ஊழியர் சத்தியம் செய்வார், சமாதான நீதவான் ஒப்பமிடுவார், ஐயா ஆங்கிலமாக்கி முத்திரை குத்துவார். கடுமையான நிறுவனமென்றால் பத்தரமுல்லையில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சியும் வேண்டும்.

“லண்டன் நம்புமோ ஐயா?”

“லண்டன் நம்பும். கடதாசி எண்டா அவைக்கு விருப்பம். இந்த ஊர்ச் சனத்துக்குக் கடதாசி புதுசில்லைத் தம்பி.”

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஒழுங்கைகளில் யார் எந்த வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸ் பதிவுப் படிவத்தை நிரப்பி நிலையத்தின் முத்திரையோடு அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த காலம் ஒன்றிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர். அவர்களில் பலரிடம் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் இருந்தன. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுத்து, மறுநாளே உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. 2008 செப்டம்பரில் வடக்கிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வந்தவர்கள் எல்லோரும் போய்ப் பதிய வேண்டும் என்றார்கள், வரிசை நின்றது. இந்த ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் ஒரு பத்திரத்தை எந்தக் கையால் எப்படி நீட்ட வேண்டும் என்று தெரியும். கொமினிகேஷன்காரர் பின்பக்கத்தையும் சேர்த்துக் கொப்பி எடுத்தது அந்தப் படிப்பின் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது.

பின்னேரம் மாடிக்குத் திரும்பியபோது அந்தப் பெண் தொலைபேசியில் ஒரு வங்கியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். போன மாதம் சேர்ந்த ஒருவரின் சம்பளம் திரும்பி வந்துவிட்டது. அடையாள அட்டை சரி, கடவுச்சீட்டு சரி, சத்தியக்கடதாசியை லண்டனும் ஏற்றுக்கொண்டது. வங்கிக் கணக்கில் மட்டும் பெயருக்கு முன்னால் வேறு ஓர் இனிஷியல். சிறுவயதில் தகப்பன் திறந்து கொடுத்த சேமிப்புக் கணக்கு. வங்கிக்குச் சத்தியக்கடதாசி போதாது. ஆளே கிளைக்கு நேரில் வர வேண்டும். கிளை இருப்பதோ வல்வெட்டித்துறையில்.

நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் செய்து வேலை பார்ப்பவர்களுக்கு வங்கி இன்னும் முக்கியம். வெளிநாட்டுச் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வரி உண்டு, உச்ச வீதம் 15. வரி இலக்கம், வங்கிக் கணக்கு, அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் கணக்குக் காட்டும்போது மறுபடியும் இதே கதை.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் கணினியில் ஒரு பட்டியலைத் திறந்தார், இவர்களே தயாரித்தது. புதிதாகச் சேருகிறவரிடம் எதை எந்த ஒழுங்கில் கேட்பது என்று. கடவுச்சீட்டு முதல் வரியில் இருந்தது. அதை நாலாவது வரிக்கு இழுத்துவிட்டார். மேலே ஏற்றியது: வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பெயர் தெளிவாகத் தெரியும்படி. அடுத்தது அடையாள அட்டை, இரண்டு பக்கமும். மூன்றாவதாகப் புதிதாக ஒரு கேள்வியை அவரே தட்டெழுதினார்: இலங்கை தவிர வேறு நாட்டுப் பிரஜாவுரிமை உங்களுக்கு உண்டா?